தாமரை இலை சொல்லும் பொருளாதாரம்

பட்டும் படாமலும் இருப்பதைத் 'தாமரை இலைத் தண்ணீர்போல' என்பது நமது வழக்கு. அந்த இலையில் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்று ஆராய்ந்து, விடையைச் சந்தைப் பொருளாகவும் ஆக்கியது ஜெர்மனி.

பின்னாளில் பான் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், 1970-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் இலைகளின் மேற்பரப்பை ஆராய்ந்தார். தாவரங்களை வகைப்படுத்துவதே அவரது நோக்கம். வழவழப்பான இலைகளை ஆய்வுக்கு முன்பு கழுவ வேண்டியிருந்தது. நுண்ணிய மெழுகுப் படிகங்களால் சொரசொரப்பாக இருந்த இலைகளோ கழுவாமலேயே தூய்மையாக இருந்தன. வழவழப்பே தூய்மைக்கு உகந்தது என்ற பொதுவான எண்ணத்துக்கு இது நேர்மாறானது.

தாமரை இலையின் மேற்பரப்பு முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்மேடுகள் உள்ளன. அவற்றின்மீது அதனினும் நுண்ணிய மெழுகு படர்ந்துள்ளது. நீர்த்துளி மேடுகளின் நுனியை மட்டுமே தொடுவதால், பரவாமல் ஏறக்குறைய உருண்டையாகவே நிற்கிறது. தூசியும் அந்த நுனிகளில்தான் தங்குகிறது. உருண்டோடும் துளி அதையும் வாரிச் சென்றுவிடுகிறது.

இந்த விளக்கத்தை பார்த்லாட், கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸ் ஆகியோரின் ஆய்வுக்கட்டுரை 1997-இல் விரிவாக முன்வைத்தது. 1999-இல், மழைநீரிலேயே அழுக்கு நீங்கும் சுவர்ப்பூச்சு விற்பனைக்கு வந்தது. எனினும், இயற்கையை முழுமையாக நகலெடுத்துவிட முடியாது. சிதைந்த மெழுகை உயிருள்ள இலை புதுப்பித்துக்கொள்ளும். பூச்சுக்கு அந்த ஆற்றல் இல்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் கவனிப்பது, கண்டறிதலுக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட 20 ஆண்டுகளுக்கும் மேலான காலத்தை. தாவர வகைப்பாட்டுக்கு நிதி கேட்டவரிடம், 'இதனால் என்ன வருவாய்?' என்று வினவியிருந்தால் பதில் இருந்திருக்காது. அடிப்படை ஆராய்ச்சியின் பலன் பலருக்கும் பரவுவது. எப்போது கிட்டும் என்று கணிக்க இயலாதது. எனவே, தனியார் முதலீடு அதில் தயங்குகிறது. அந்த இடத்தை அரசுதான் நிரப்ப வேண்டும்.

2020-21-இல் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே. ஜெர்மனியில் இது ஏறத்தாழ 3 சதவீதம். வேலைவாய்ப்பு இல்லை என்று தாவரவியல், விலங்கியல் துறைகளைப் புறக்கணிப்பது, நாளைய தொழில்நுட்பத்தின் வேரை வெட்டுவதாகும்.

ஜப்பானின் 500 வரிசை அதிவேக ரயிலின் முகப்புக்கு மீன்கொத்தியின் அலகு முன்மாதிரியானது. பறவைகளைக் கூர்ந்து நோக்கும் பழக்கமுள்ள பொறியாளர் எய்ஜி நகாட்சுவுக்கு அது தோன்றியது. நமது பொறியியல் மாணவர்களுக்கு உயிரியலின் அறிமுகமாவது கிடைக்கிறதா?

மீன்கொத்தியும் தாமரையும் வாழ நீர்நிலைகள் வேண்டும். ஒரு குளத்தைத் தூர்த்து மனையாக்கும்போது நிலத்தின் விலையைக் கணக்கிடுகிறோம். அங்கே அழிவது இன்னும் எவரும் படித்தறியாத வடிவமைப்புகளின் நூலகம். அந்த இழப்பையும் கணக்கில் சேர்ப்பதே சரியான பொருளாதாரம்.