டியூஷன் ஆசிரியர்: பெற்றோர் தேடுகிறார்கள், சட்டம் தேடவில்லை

புது தில்லி: பள்ளிக் கல்வியில் நாட்டுக்கே முன்னோடி எனப் போற்றப்படும் கேரளத்தின் தலைநகர் திருவனந்தபுரத்தில், ஜூன் மாதம் பள்ளிகள் திறந்த கையோடு பெற்றோரின் மற்றொரு தேடலும் தொடங்கி விடுகிறது. கணிதத்துக்கு யார், இயற்பியலுக்கு யார், வீட்டுக்கே வந்து கற்பிப்பாரா, மாதக் கட்டணம் எவ்வளவு?

இக் கேள்விகளுக்குப் பதில் பெரும்பாலும் அண்டை வீட்டாரிடமிருந்தோ, சுவரொட்டியிலிருந்தோ, செல்போனுக்கு வரும் விளம்பரத்திலிருந்தோதான் கிடைக்கிறது. வருபவரின் தகுதியையும் பின்னணியையும் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் பெற்றோரின் தலையில் விழுகிறது.

இது ஒரு நகரத்தின் கதை மட்டுமல்ல. மத்திய அரசு 2025-ஆம் ஆண்டில் நடத்திய கல்வி தொடர்பான மாதிரி ஆய்வின்படி, நாட்டில் 27 சதவீத மாணவர்கள் அக் கல்வியாண்டில் தனிப்பயிற்சி பெற்றுள்ளனர். நகர்ப்புறங்களில் இது 30.7 சதவீதம், கிராமப்புறங்களில் 25.5 சதவீதம். மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவருக்கு நகர்ப்புறக் குடும்பங்கள் இதற்காக ஆண்டுக்குச் சராசரியாக ரூ. 9,950 செலவிடுகின்றன, கிராமப்புறங்களில் இத் தொகை ரூ. 4,548.

சட்டத்தின் இரு முனைகள்: டியூஷனைப் பொருத்தவரை மத்திய அளவில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். இதன் 28-ஆவது பிரிவு, பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. இரண்டாவது, பயிற்சி மையங்களுக்காக மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள். பதிவு கட்டாயம், கற்பிப்பவர் குறைந்தபட்சம் பட்டதாரியாக இருக்க வேண்டும், 16 வயதுக்கு உள்பட்டோரைச் சேர்க்கக் கூடாது, பாதியில் விலகினால் மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் அவை கூறுகின்றன.

ஆனால், 50 மாணவர்களுக்கு மேல் உள்ள மையங்களுக்கே இந் நெறிமுறைகள் பொருந்தும். கேரள உள்ளாட்சிச் சட்டங்களில் டியூட்டோரியல் நிறுவனங்களைப் பதிவு செய்ய ஏற்பாடு இருந்தாலும், மாணவரின் வீட்டுக்கு வந்து கற்பிக்கும் தனிநபர் "நிறுவனம்' அல்ல. இரவு நேர வகுப்புகளுக்கும் சுற்றுலாக்களுக்கும் கேரள குழந்தைகள் உரிமை ஆணையம் 2023-இல் விதித்த தடையும் டியூஷன் மையங்களை நோக்கியதே. மாணவர்களின் மனநலம் தொடர்பான வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும் பயிற்சி மையங்களைப் பதிவு செய்ய விதிகள் வகுக்குமாறே மாநிலங்களைப் பணித்தது.

ஆக, பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியருக்குத் தடை. பெரிய மையத்துக்குக் கட்டுப்பாடு. இரண்டுக்கும் இடையே, சாதாரணக் குடும்பங்கள் நம்பியிருக்கும் தெருமுனை டியூஷன் ஆசிரியர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

தடை இருக்கும் இடத்திலும் அது முழுமையாகச் செயல்படவில்லை என்பதை 2024 டிசம்பர் மாத நிகழ்வு உணர்த்தியது. கேரளத்தில் அரையாண்டுத் தேர்வு வினாத்தாள்கள் முன்கூட்டியே யூடியூபில் வெளியாயின. கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த இணையவழி டியூஷன் நிறுவனம் ஒன்று சிக்கியது. குற்றப் பிரிவு போலீஸார் விசாரணை நடத்தினர். டியூஷன் எடுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற குரல் அதன் பின்னரே வலுத்தது.

1817-இன் வாக்குறுதி: கல்விக்கான செலவை அரசே ஏற்கும் என்று 1817-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் பிரகடனம் செய்தார். தனி ஆசிரியரை அமர்த்திக் கொள்வது அக் காலத்தில் அரண்மனைக்கு உரிய வசதி. கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவ ராவ், 1849-இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராக நியமிக்கப்பட்டு, பின்னர் திவானாக உயர்ந்தவர். அன்று இளவரசர்களுக்குக் கிடைத்த தனிப் பயிற்சியை, இன்று கரமனையிலும் பூந்துறையிலும் வசிக்கும் குடும்பங்கள் கைப்பணம் கொடுத்து வாங்க முயல்கின்றன. வாங்க இயலாத குடும்பத்தின் குழந்தை, ஒரே வகுப்பறையில் அமர்ந்திருந்தும் பின்தங்குகிறது.

கேரள அரசு இதை உணராமல் இல்லை. கரோனா காலத்தில், 2020 ஜூன் 1 முதல், விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக "ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் ஒளிபரப்பாயின. தமிழ், கன்னட வழி மாணவர்களுக்கும் பாடங்கள் தயாரிக்கப்பட்டன. 2024-25 கல்வியாண்டில் 8-ஆம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் குறைந்தபட்சம் 30 சதவீத மதிப்பெண் கட்டாயமாக்கப்பட்டது. அதை எட்டாதவர்களுக்கு 2025 ஏப்ரலில் பள்ளியிலேயே கூடுதல் வகுப்புகள் நடத்தி மறுதேர்வு வைக்கப்பட்டது.

தமிழகத்தில் 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட "இல்லம் தேடிக் கல்வி' திட்டம் மற்றொரு வழியைக் காட்டியது. மாதம் ரூ. 1,000 ஊக்கத் தொகை பெறும் உள்ளூர்த் தன்னார்வலர்கள், மாலையில் குடியிருப்புகளிலேயே 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்குக் கற்பித்தனர். பக்கத்துத் தெரு ஆசிரியரை அரசே தேர்ந்தெடுத்து அனுப்ப முடியும் என்பதற்கு இது சான்று.

தமிழ்க் குழந்தைகள்: சாலை, கரமனை, வலியசாலை பகுதிகளில் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கின்றனர். பிழைப்புத் தேடிப் புதிதாக வருவோரும் உண்டு. பள்ளிகளில் 10-ஆம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2017-இல் நிறைவேறியது. வீட்டில் மலையாளம் தெரிந்தவர் இல்லாத குழந்தைக்கு, கணிதத்துக்கு முன் மொழிக்கே டியூஷன் தேவைப்படுகிறது. தமிழும் மலையாளமும் அறிந்த ஆசிரியரைத் தேடுவது அதனினும் கடினம். தமிழகத்தில் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பின் கன்னியாகுமரி மாவட்ட மலையாளக் குடும்பங்கள் சந்தித்த சிக்கலும் இதுவே என்பதை மறந்து விடலாகாது.

கற்பிப்பவரின் நிலை: 2023-24-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஆய்வில், 15 முதல் 29 வயது வரையிலானோரிடையே வேலையின்மை 29.9 சதவீதமாக இருந்த கேரளம், மாநிலங்களில் முதலிடம் பெற்றது. பி.எட். முடித்துவிட்டுப் பணி நியமனத்துக்குக் காத்திருப்பவருக்கு டியூஷனே வாழ்வாதாரம். வருங்கால வைப்பு நிதி இல்லை. மருத்துவக் காப்பீடு இல்லை. விடுமுறை மாதத்தில் வருமானமும் இல்லை. பதிவு செய்யும் முறை வந்தால், அது பெற்றோருக்கு மட்டுமன்றி இவர்களுக்கும் பாதுகாப்பாக அமையும்.

அதுவரை பெற்றோர் தாங்களே எச்சரிக்கையுடன் இருக்க வேண்டியுள்ளது. பட்டச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது, முன்பு கற்பித்த குடும்பத்தினரிடம் விசாரிப்பது, போலீஸாரின் நன்னடத்தைச் சான்று கோருவது, பிறர் கண்ணில் படும் பொது அறையில் வகுப்பு நடத்தச் செய்வது, கட்டணத்தை மாதந்தோறும் மட்டுமே தருவது ஆகியவை அடிப்படைத் தேவைகள். அக்கறையுள்ள ஆசிரியர் எவரும் இவற்றுக்காக வருந்த மாட்டார்.

எனினும், இது பெற்றோரால் மட்டும் தீரும் பிரச்னை அல்ல. பள்ளிகளை நிர்வகிப்பதில் உள்ளாட்சி அமைப்புகளுக்குப் பங்களித்த மாநிலம் கேரளம். வார்டு அளவில் டியூஷன் ஆசிரியர்களின் தகுதியைச் சரிபார்த்து, கட்டணமின்றிப் பதிவேடு பராமரிப்பது மாநகராட்சிக்குப் பெரும் சுமையாகாது. வசதியற்ற குழந்தைகளுக்கு அப் பதிவேட்டிலிருந்தே ஆசிரியரைத் தேர்ந்து, மாலை வகுப்புக்கு அரசே ஊதியம் தரலாம். 50 என்ற எண்ணுக்குக் கீழே உள்ளவர்களைத் தில்லி கண்டுகொள்ளாத வரை, அப் பொறுப்பு மாநிலங்களையே சாரும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கல்விச் செலவைத் தன் கடமையாக ஏற்ற மண்ணில் இக் கோரிக்கை புதியதும் அல்ல.