துளைக்குள் இருக்கிறது தொழில்

நம் சங்கத்து நவராத்திரி விழாவில் நான் விற்பனைக்கு வைத்திருந்த கண்ணாடி மணிகளைப் பார்த்த சகோதரிகள் பலரும் நிறத்தைப் பற்றித்தான் விசாரித்தார்கள். "ஆன்ட்டி, ஓட்டையை டிரில் வச்சுப் போடுவீங்களா?" என்று கேட்டது ஒரு பள்ளிச் சிறுமி. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

துளை போடுவதே இல்லை. எவர்சில்வர் கம்பியின் மேல் உருகிய கண்ணாடியை, கேஸ் சுடரில் காட்டியபடி நூல்போலச் சுற்றுகிறோம். ஆறியபின் கம்பியை உருவினால் துளை. ஆனால் வெறும் கம்பியில் சுற்றினால் கண்ணாடி அதோடு ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்காததால் மணி வெடிக்கும். ஆகவே நடுவில் ஒரு பூச்சு. வெள்ளைக் களிமண்ணும் அலுமினாத் தூளும் தண்ணீரில் கலந்த குழம்பு அது. இரண்டுமே அந்தச் சூட்டில் உருகாதவை.

வெனிஸ் நகரத்தார் செம்புக் கம்பியில் சுற்றி, பிறகு கம்பியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்ததுண்டு. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை நினைக்கவே வேண்டாம். 1945-இல் வீலர் அகழ்ந்த நம் அரிக்கமேட்டிலோ, கண்ணாடியைக் குழாயாக இழுத்துத் துண்டு போட்டார்கள். துளை தானாகவே வந்தது, பூச்சுக்கு வேலையில்லை. கெட்டிக்காரர்கள்!

நமக்குக் குழம்புதான் கதி. எங்கள் குடியிருப்பில் மூன்று பெண்கள் இதை வருமானத்துக்காகச் செய்கிறோம். பூவேலை மணி ஒன்றுக்குக் கால் மணி நேரம் ஆகும். பூச்சு கைவிட்டால் அந்த நேரமும் கண்ணாடியும் கேஸும் போச்சு.

இரவு வைத்த பாட்டிலில் காலையில் மேலே நீர் தெளிந்திருக்கும், அடியில் மண் இறுகியிருக்கும். கரண்டிக் காம்பால் அடிவரை கிளற வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரைக் குமிழ்கள் கம்பியில் ஏறி, பூச்சில் பொத்தல் விழும். பதம் என்னவென்றால், தோசை மாவைவிடத் தளர்வு, மாக்கோல மாவைவிடக் கெட்டி. தடித்தால் உரியும், நீர்த்தால் மணி ஒட்டும்.

தில்லியின் மே, ஜூன் அனல் காற்றில் மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலே குழம்பு இறுகிவிடும். இன்வர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்க்கலாம். போர் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு குழம்பைத் திரியச் செய்யும். ஜனவரி மூடுபனியிலோ தொல்லை வேறு விதம். பூச்சு உலரவே மாட்டேன் என்கும். ஈரத்தோடு சுடரில் காட்டினால் உள்ளே நீராவி கிளம்பிப் பூச்சைத் தூக்கிவிடும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

கம்பியை உப்புக் காகிதத்தால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, நேராக முக்கி நேராக எடுத்து, மணல் டப்பாவில் பூசாத முனையைச் செருகி நிறுத்துங்கள். உலர்ந்த பூச்சில் கீறல் தெரிந்தால் ஒட்டுப்போடாமல் கழுவிவிட்டு மறுபடி முக்குவதே நல்லது. பழைய கம்பியில் ஒட்டிய தூளோடு பாட்டிலில் விட்டால் குழம்பு முழுவதும் கட்டி தட்டும்.

இனிச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். மணியை உருவிய பிறகும் துளைக்குள் வெண்தூள் அப்பியிருக்கும். அதை உலர்ந்தபடி குடைவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன், பக்கத்தில் குழந்தை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். களிமண்ணில் நுண்ணிய சிலிக்கா கலந்திருக்கலாம். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணி தேய்ப்பவர்களுக்கு சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வருவதை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அவர்கள் கல்லையே தேய்க்கிறார்கள், நம்முடையது சிட்டிகைத் தூள்தான். அதற்காக அதைத் தினமும் சுவாசிக்க வேண்டுமா?

மணிகளைக் கம்பியோடு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, இடுக்கியால் கம்பியைப் பிடித்து மணியைத் திருகி எடுங்கள். துளையைத் தண்ணீருக்குள் வைத்தே மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். புதுக் குழம்பு கலக்கும்போது மின்விசிறியை நிறுத்தி, நல்ல முகக்கவசம் அணிந்து, தூளைத் தண்ணீரில் மெதுவாகச் சரியுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பேசினில் தங்கிய சேற்றை சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். தெளியவிட்டு, நீரை இறுத்து, வண்டலை ஈரத்தோடு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.