சிவப்புப் பொட்டு வைத்த ஹரிக்கேன்

போர் விமான சிமுலேட்டர் ஆடுகிற நண்பர் ஒருவர் “புது ஹரிக்கேன் ஒன்று டவுன்லோடு செய்திருக்கிறேன்” என்று சொன்னால், வந்தது புது விமானமா, பழைய விமானத்துக்குப் புதுப் பெயின்டா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை. (ஹரிக்கேன், இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம்.) டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

மைக்ரோசாஃப்டின் காம்பாட் ஃபிளைட் சிமுலேட்டர் 1998-ல் வந்தது. ரஷ்யாவிலிருந்து ஐஎல்-2 ஸ்டுர்மோவிக் 2001-ல் வந்தது. பெட்டியோடு வந்த விமானங்கள் சில; இரண்டாம் உலகப் போரில் பறந்த வகைகளோ நூற்றுக்கணக்கில். அந்த இடைவெளியை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். ராத்திரி கண் விழித்துச் செய்து, இலவசமாகக் கொடுத்தார்கள்.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் ஒரு விமானத்தின் ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே தனித்தனிப் பகுதிகள் இருக்கும். உடலின் வடிவம் ஓரிடத்தில், காக்பிட் பேனல் ஓரிடத்தில், எஞ்சின் சத்தம் ஓரிடத்தில், மேல்பூச்சுப் படங்கள் ஓரிடத்தில். விமானம் எப்படிப் பறக்கும், குண்டடி பட்டால் எது உடையும் என்ற கணக்குகளுக்கும் தனி ஃபைல்கள். ஹரிக்கேனில் இருந்த ஆரம்ப கால மெர்லின் எஞ்சின், மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் பெட்ரோல் சீராகக் கிடைக்காமல் திணறும். அந்தக் குணம் பறக்கும் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். பெயின்டை எவ்வளவு மாற்றினாலும் அது வராது. அதேபோல, ஹரிக்கேன் 2-பி ரகத்தில் பன்னிரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். 2-சி ரகத்தில் நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் இறக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 2-பி மாடலின் மேல் 2-சி விமானத்தின் எண்களை எழுதினால் அது பிழை. அதைத் திருத்த மாடல் செய்தவரிடம்தான் போக வேண்டும்.

ரீபெயின்ட் என்பது அந்த மேல்பூச்சுப் படத்தை மட்டும் மாற்றுவது. தையற்காரர் தைப்பதற்கு முன் முதுகு, கை, கழுத்து என்று துணியை வெட்டிப் பரப்பி வைப்பாரே, அப்படி விமானத்தின் தோலும் தட்டையான ஒரு படத்தில் துண்டு துண்டாகக் கிடக்கும். ஐஎல்-2-வில் அந்தப் படம் 1024-க்கு 1024 புள்ளிகள், 256 நிறங்கள், அவ்வளவுதான். அதற்குள் உருமறைப்பு நிறம், தகடுகள் சேரும் கோடு, எண்ணெய்க் கறை, புகைக்கறை, படைப்பிரிவின் எழுத்து எல்லாம் அடங்க வேண்டும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் கோடு ஒரு புள்ளி தள்ளிப்போனாலும் இறக்கை அடியில் உடைந்து தெரியும்.

நல்ல கையா என்று பார்க்க ஹரிக்கேனின் முதுகுப் பக்கம் போதும். அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயருக்கு உடல் முழுக்க உலோகத் தகடு. ரிவெட் வரிசை தெரிய வேண்டும். ஹரிக்கேனின் பின்பாதியோ மரச்சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய துணி. அங்கே நீளவாக்கில் மெல்லிய மேடுகள்தான் தெரியும். அந்த இடத்தில் ரிவெட் போட்டிருந்தால், செய்தவர் நிஜ விமானத்தின் படத்தைக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானியக் கப்பற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. கொழும்புக்கு அருகே இரத்மலானையிலிருந்து எழும்பிய 30-வது படைப்பிரிவின் ஹரிக்கேன்களில் ஒன்றை ஓட்டியவர் ஜிம்மி வேலன் என்ற கனடா நாட்டு விமானி. அன்று மூன்று குண்டுவீச்சு விமானங்கள் அவர் கணக்கில் எழுதப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1944 ஏப்ரலில், 34-வது படைப்பிரிவில் மீண்டும் ஒரு ஹரிக்கேனை ஓட்டியபோது வடகிழக்கு இந்தியாவில் நடந்த கோஹிமா சண்டையில் உயிரிழந்தார்.

அவருடைய விமானத்தைத் தீட்ட உட்காருகிறீர்கள் என்று வையுங்கள். எந்த வேலன்? 1942-ல் பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு உண்டு. ஜப்பானிய விமானத்தின் அடையாளமும் சிவப்பு வட்டம். வேகத்தில் வருகிற ஒன்றின் மேல் சிவப்பாக ஏதோ தெரிந்தால் சுட்டுவிட்டுத்தான் யோசிப்பார்கள். அதனால் அமெரிக்கர்கள் 1942 மே மாதமே தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பை எடுத்தார்கள். இந்தியா, பர்மா பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்களிலும் சிவப்பு போய், அடர்நீலமும் வெளிர்நீலமும் மட்டும் நின்றன. ஆகவே கொழும்பு வேலனுக்குச் சிவப்பு வேண்டும். கோஹிமா வேலனுக்குக் கூடாது. பர்மாவின் நீலச் சின்னத்தைக் கொழும்பு ஹரிக்கேனில் ஒட்டிவிட்டு “ஈஸ்டர் ஞாயிறு” என்று பெயர் வைத்தால், அந்த நாளில் இல்லாத ஒரு விமானத்தை இருந்ததாகச் சொல்கிறோம்.

பழைய படங்களைப் பார்த்துத் தீட்டலாமே என்பீர்கள். பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. அதிலும் ஒரு சிக்கல். ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற பழைய ஃபிலிம் சிவப்பை உணராது. சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சளும் இருண்டுவிடும், நீலம் வெளுத்துவிடும். வட்டச் சின்னத்தைச் சுற்றியிருக்கும் மஞ்சள் வளையம் அந்தப் படத்தில் கறுப்பு வளையமாகத் தெரியும். இது தெரியாமல் படத்தை நம்பித் தீட்டினால் இல்லாத நிறம் வந்து உட்கார்ந்துவிடும். எனவே படம், படைப்பிரிவுப் பதிவேடு, அந்த மாதத்தில் நடப்பிலிருந்த வண்ண ஆணை மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நிஜ விமானங்களுக்கும் இந்த வேலை நடக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையின் நினைவுப் பிரிவு, கடைசியாகத் தயாரான ஹரிக்கேனை, அதாவது பிஇசட் 865-ஐ, இன்னும் பறக்கும் நிலையில் வைத்திருக்கிறது. பெரிய பழுதுபார்ப்புகளின்போது அதற்கு வேறொரு விமானத்தின் வண்ணம் பூசுவார்கள். அப்படிச் சில ஆண்டுகள் அது ஈஜி-எஸ் என்ற எழுத்துகளோடு பறந்தது. அது கோஹிமா காலத்து வேலனின் ஹரிக்கேன். நடுவில் சிவப்பு இல்லை. சரியாகச் செய்திருந்தார்கள்.

சென்னையிலிருந்து தீட்ட விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை: பிரிட்டிஷ் விமானப்படையின் 234-வது படைப்பிரிவுக்கு மெட்ராஸ் பிரசிடென்சி என்ற பெயர் சேர்க்கப்பட்டிருந்தது. ஸ்பிட்ஃபயர் ஓட்டிய பிரிவு, எழுத்துகள் ஏஇசட். ஆரம்பிக்க நல்ல இடம்.

ஸ்கின் ஒன்றை, அதாவது இப்படி ரீபெயின்ட் செய்த மேல்பூச்சை, டவுன்லோடு செய்தால் கூடவே வரும் குறிப்பு ஃபைலைத் திறந்து படியுங்கள். யாருடைய விமானம், எந்தத் தளம், எந்த மாதம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நீங்களே தீட்டினால் இந்த மூன்றையும் எழுதுங்கள். மாடல் செய்தவரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயரையும் சேர்த்து வெளியிடுங்கள்.