அறைகள் நிரம்பினால் வருமானமும் நிரம்புமா?

2018ஆம் ஆண்டில் 23 இலட்சத்து 33 ஆயிரத்திற்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் இலங்கைக்கு வருகை தந்தனர். அவ்வாண்டில் உல்லாசப் பயணத்துறை ஈட்டிய வருமானம் ஏறத்தாழ 438 கோடி டொலராகும். உயிர்த்த ஞாயிறு தாக்குதல், கொவிட் பெருந்தொற்று, 2022இன் பொருளாதார நெருக்கடி என அடுத்தடுத்து வந்த அடிகளுக்குப் பின்னர் 2024ஆம் ஆண்டில் பயணிகளின் தொகை மீண்டும் 20 இலட்சத்து 53 ஆயிரத்தை எட்டியது. ஆனால் அவ்வாண்டின் வருமானம் ஏறத்தாழ 317 கோடி டொலர் மாத்திரமே. வந்தவர்களின் தொகை 2018உடன் ஒப்பிடுகையில் 12 வீதத்தால் குறைந்திருக்க, கிடைத்த பணமோ நான்கில் ஒரு பங்கிற்கும் அதிகமாகக் குறைந்திருந்தது.

இவ்விடைவெளிக்குக் காரணங்கள் பல. பயணிகள் எந்தெந்த நாடுகளிலிருந்து வந்தனர், எத்தனை நாட்கள் தங்கினர், எங்கு செலவிட்டனர் என்பனவெல்லாம் அதில் அடங்கும். எனினும் அதிகம் பேசப்படாத காரணமொன்று ஹோட்டல்களின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருக்கின்றது. அறைக்கு விலை குறிக்கும் விதமே அது. தலைகளை எண்ணிப் பழகிய எமது நாட்டில், ஓர் அறை எந்த விலைக்கு விற்கப்பட்டது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

ஹோட்டல் அறை ஒரு விசித்திரமான சரக்கு. புடவைக் கடைக்காரர் இன்று விற்காத சேலையை நாளை விற்கலாம். நாளை விற்காததைப் பெருநாளுக்கோ தீபாவளிக்கோ விற்கலாம். இன்றிரவு வெறுமையாகக் கிடந்த அறையின் இன்றைய இரவை நாளை எவருக்கும் விற்க முடியாது. மீன் வியாபாரியின் நிலைமை இதற்குச் சற்று அண்மித்தது. ஆனால் அவருக்கும் கருவாடு என்றொரு வழியுண்டு. ஹோட்டல்காரருக்கு அதுவும் இல்லை. மேலும், கேட்போர் அதிகரித்த நாளில் அறைகளின் தொகையை அதிகரிக்கவும் இயலாது. நூறு அறைகள் என்றால் நூறுதான்.

இதே தன்மை விமானத்தின் ஆசனத்திற்கும் உண்டு. எனவேதான் இன்று வருமான முகாமைத்துவம் என அழைக்கப்படும் இக்கலை முதலில் விமானக் கம்பனிகளிலேயே பிறந்தது. 1972ஆம் ஆண்டில் பி.ஓ.ஏ.சி. என்ற பிரித்தானிய விமானக் கம்பனியில் பணியாற்றிய கென் லிட்டில்வூட் என்பவர் எளிய விதியொன்றை முன்வைத்தார். அதனை ஹோட்டல் அறைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு முகவர் இன்றே 12 ஆயிரம் ரூபாவிற்கு ஓர் அறையைக் கேட்கிறார். பொறுத்திருந்தால் 20 ஆயிரம் ரூபா கொடுக்கும் ஒருவர் கடைசி நேரத்தில் வரக்கூடும், வராமலும் போகலாம். அவர் வருவதற்கான வாய்ப்பு 60 வீதத்திற்கு மேற்பட்டதாயின் அறையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். குறைவாயின் முகவரிடம் கொடுத்துவிட வேண்டும். 20 ஆயிரத்தின் 60 வீதம் 12 ஆயிரம் என்பதே இங்குள்ள கணக்கு. பின்னாளில் பல கோடி டொலர் செலவில் உருவாக்கப்பட்ட கணினி மென்பொருட்களின் அடித்தளத்தில் இருப்பதும் இவ்வளவுதான்.

இவ்விதி பெரும் ஆயுதமாக மாறியது அமெரிக்காவில். அங்கு 1978ஆம் ஆண்டில் விமானக் கட்டணங்கள் மீதான அரச கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதைத் தொடர்ந்து, 1981இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற புதிய கம்பனி மிகக் குறைந்த கட்டணத்துடன் களமிறங்கியது. அதனுடன் போட்டியிட வேண்டியிருந்த அமெரிக்கன் எயார்லைன்ஸ் கம்பனி, ரொபர்ட் கிரண்டலின் தலைமையில் 1985 ஜனவரியில் ஒரு புதிய கட்டணத்தை அறிவித்தது. எல்லா ஆசனங்களுக்கும் விலை குறைக்கப்படவில்லை என்பதே அதன் சூட்சுமம். நெடுநாட்களுக்கு முன்னரே பயணச்சீட்டை வாங்குவோருக்கு, அதுவும் வெறுமையாகப் போகக்கூடிய ஆசனங்கள் மாத்திரம் மலிவாக விற்கப்பட்டன. அவசரமாகப் பயணிக்கும் வர்த்தகர் வழமையான கட்டணத்தையே செலுத்தினார். எல்லோருக்கும் ஒரே மலிவு விலையை வழங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் 1986இல் கைமாறி, 1987இல் வானத்திலிருந்தே மறைந்தது. இதனைக் கவனித்த ஹோட்டல் நிறுவனங்களில் மேரியட் முன்னோடியாக அமைந்தது. விமானத்தில் ஒரு பயணத்திற்கு ஓர் ஆசனம். ஹோட்டலிலோ ஒருவர் ஓரிரவும் தங்குவார், ஒரு வாரமும் தங்குவார். சனிக்கிழமைக்கு மாத்திரம் வருபவருக்கு அறையைக் கொடுத்துவிட்டால் வியாழன் முதல் திங்கள் வரை தங்க விரும்புபவரை இழக்க நேரிடும். ஆகவே விலையுடன் தங்கும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிடவேண்டிய மேலதிகச் சிக்கல் அங்கு தோன்றியது.

இனி விடயத்தின் மையத்திற்கு வருவோம். நூறு அறைகளைக் கொண்ட ஹோட்டல் ஒன்றை உதாரணத்திற்கு எடுத்துக்கொள்வோம். முகாமையாளர் விலையை 12 ஆயிரம் ரூபாவாகக் குறைக்கிறார். 90 அறைகள் நிரம்புகின்றன. வருமானம் 10 இலட்சத்து 80 ஆயிரம். மற்றொரு முகாமையாளர் 18 ஆயிரத்தில் உறுதியாக நிற்கிறார்; 66 அறைகளே நிரம்புகின்றன. வருமானம் 11 இலட்சத்து 88 ஆயிரம். ஓர் அறையில் ஆள் தங்கினால் சலவை, சவர்க்காரம், மின்சாரம், சுடுநீர், காலை உணவு என 3 ஆயிரம் ரூபா செலவாகும் எனக் கொள்வோம். அதைக் கழித்தால் முதலாமவரிடம் எஞ்சுவது 8 இலட்சத்து 10 ஆயிரம். இரண்டாமவரிடம் 9 இலட்சத்து 90 ஆயிரம். இருந்தும் முதலாவது ஹோட்டலின் வாசலில்தான் வாகனங்கள் நிறைந்திருக்கும். உரிமையாளரும் அந்த ஹோட்டலைப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுவார். இத்துறையில் அனுபவமுள்ளோர் நிரம்பிய அறைகளின் வீதத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. மொத்த அறை வருமானத்தை, நிரம்பியவை நிரம்பாதவை என்ற பேதமின்றி எல்லா அறைகளுக்கும் பிரித்துப் பார்க்கின்றனர். அவ்வாறு பார்த்தால் முன்னையதில் ஓர் அறைக்கு 10,800 ரூபா, பின்னையதில் 11,880 ரூபா.

உரிமையாளரின் இலாப நட்டத்துடன் இக்கணக்கு முடிந்துவிடுமாயின் இப்பத்தியில் அதனை இவ்வளவு விரிவாக எழுத வேண்டியதில்லை. இலங்கையின் ஹோட்டல்களில் கட்டணத்துடன் 10 வீத சேவைக் கட்டணம் அறவிடப்பட்டு அது ஊழியர்களிடையே பங்கிடப்படுவது வழமை. அடிப்படைச் சம்பளத்தைவிட இப்பங்கையே நம்பிக் குடும்பம் நடத்துவோர் ஏராளம். மேற்கூறிய உதாரணத்தில் 90 அறைகளைக் கூட்டித் துடைத்து, விரிப்பு மாற்றி, குளியலறையைக் கழுவிய ஊழியர்களுக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு 1 இலட்சத்து 8 ஆயிரம் ரூபா. 66 அறைகளைச் சுத்தம் செய்தவர்களுக்குக் கிடைப்பதோ 1 இலட்சத்து 18 ஆயிரத்து 800 ரூபா. அதாவது அதிக வேலைக்குக் குறைந்த கூலி. விலைக்குறைப்பு என்பது உரிமையாளர் தனது சட்டைப் பையிலிருந்து கொடுக்கும் தர்மம் அன்று. அதில் ஒரு பகுதி அறைப் பணியாளரின் பையிலிருந்தும் போகின்றது. வேலைக்கு ஆட்கள் கிடைப்பதில்லை, பயிற்றப்பட்டவர்கள் மாலைதீவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விடுகின்றனர் என முறையிடும் நிர்வாகங்கள், தமது விலைப்பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

அப்படியாயின் விலையைக் குறைக்கவே கூடாதா? அவ்வாறு கூறுவதும் தவறு. மழைக்காலத்து செவ்வாய்க்கிழமை இரவில் எவரும் 18 ஆயிரம் ரூபாவுடன் வரப்போவதில்லை எனத் தெரிந்தால், 3 ஆயிரம் ரூபா செலவுக்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாவும் வரவுதான். அக்குறைப்பை யாருக்கு, எந்த நிபந்தனையுடன் வழங்குவது என்பதிலேயே விற்பனைத் திறமை தங்கியுள்ளது. பணத்தை முன்கூட்டியே செலுத்துவோருக்கு, இரத்துச் செய்தால் பணம் திருப்பித் தரப்படாது என்பதை ஏற்போருக்கு, மூன்று இரவுகளுக்குக் குறையாமல் தங்குவோருக்கு என வேலிகள் போடப்படுகின்றன. எமது ஹோட்டல்களில் உள்நாட்டவருக்கென வைத்திருக்கும் தனி விலையும் அத்தகையதொரு வேலியே. தேசிய அடையாள அட்டையைக் காட்டுபவர் அவ்வேலியைத் தாண்டி உள்ளே வருகிறார். வேலியில்லாத விலைக்குறைப்பின் விளைவு வேறு. கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தவரும் அதற்குள் நுழைந்துவிடுவார். அடுத்த பருவத்தில் விலையை உயர்த்தினால் கோபித்துக் கொள்வார்.

நாட்காட்டியை வாசிக்கத் தெரிந்திருப்பது இன்னொரு பாதி. புனித ரமழானின் இறுதிப் பத்து நாட்களில் மக்காவின் ஹரம் ஷரீபுக்கு அருகேயுள்ள ஹோட்டல்களின் கட்டணம் எவ்வளவு உயர்கின்றது என்பதை உம்ரா சென்று வந்தவர்கள் அறிவர். நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் மகோற்சவ காலத்தில், புலம்பெயர்ந்தோரும் விடுமுறையில் வந்துசேர யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது அரிதாகிவிடுகின்றது. அறுகம்பைக் கரையில் அலைச்சறுக்கு வீரர்கள் கூடும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், தென்மேற்குக் கரையின் ஹோட்டல்கள் காற்று வாங்கிக் கொண்டிருக்கும். இத்தகைய நாட்களில் கிடைக்கும் வருமானமே ஏனைய மாதங்களையும் தாங்க வேண்டியுள்ளது. ஆயினும் வழிபாட்டுக்கு வருபவரிடம் எவ்வளவு அறவிடலாம் என்ற கேள்விக்குக் கணினியிடம் பதில் இல்லை. வருடந்தோறும் அதே விடுதிக்கு வரும் குடும்பத்திற்குப் பழைய விலையையே கொடுக்கும் உரிமையாளர்களை நாம் அறிவோம். கணக்குப்படி அது நட்டமாகத் தோன்றலாம். ஆனால் அக்குடும்பம் எந்தத் தரகரும் இல்லாமல் நேரே வந்து சேர்கின்றது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தரகரைப் பற்றியும் கூறியாக வேண்டும். இன்று சிறு விடுதிகளின் அறைகளில் பெரும்பகுதியை விற்றுக் கொடுப்பவை 1996இல் தோன்றிய புக்கிங் டொட் கொம், எக்ஸ்பீடியா போன்ற இணையத்தளங்களாகும். அவற்றின் தரகுப் பணம் பொதுவாக 15 வீதத்திலிருந்து ஆரம்பிக்கின்றது. சிலவேளைகளில் 25 வீதத்தையும் தொடுகின்றது. பொத்துவிலில் ஐந்து அறைகளை வைத்திருப்பவருக்கு லண்டனிலும் பேர்லினிலும் கடை விரித்துக் கொடுக்கின்றன என்பதனால் இவற்றைப் பகைப்பதில் பயனில்லை. ஆனால் தமது தளத்தில் உள்ளதைவிடக் குறைந்த விலையை வேறெங்கும் காட்டக்கூடாது என்ற நிபந்தனை விடுதிக்காரரின் கையைக் கட்டியிருந்தது. ஜேர்மனியில் நெடுங்காலம் நீடித்த வழக்குகளின் பின்னர், இந்நிபந்தனைகள் இத்தளங்களின் சேவைக்கு இன்றியமையாதவை அல்லவென ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டெம்பரில் தீர்ப்பளித்தது. ஐரோப்பாவின் நிலைமை அவ்வாறிருக்க, நமது விடுதிக்காரர்கள் தாம் ஒப்புக்கொண்ட உடன்படிக்கையில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை ஆறுதலாக ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். பலர் வாசித்திருக்க மாட்டார்கள்.

இத்தளங்கள் வாடிக்கையாளரிடம் கையாளும் உத்திகளும் எப்போதும் நேர்மையானவையாக இருந்ததில்லை. "இவ்விலையில் ஓர் அறை மாத்திரமே எஞ்சியுள்ளது", "இப்போது இன்னும் பலர் இதே அறையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்" என்று கையடக்கத் தொலைபேசியின் திரையில் அவசரம் காட்டுவது அவற்றுள் ஒன்று. அந்தப் பலர் வேறு திகதிகளுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடும். பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தை அதிகாரசபை, இத்தகைய அழுத்தங்களையும் போலித் தள்ளுபடிகளையும் மறைமுகக் கட்டணங்களையும் நிறுத்துவதாக 2019 பெப்ரவரியில் ஆறு பெரிய தளங்களிடமிருந்து உறுதிமொழி பெற்றது. இதனுடன் ஒப்பிடுகையில், வரவேற்பு மேசையில் நிற்கும் பணியாளர் "சற்று மேலதிகமாகச் செலுத்தினால் கடலைப் பார்த்த அறை இருக்கிறது, பார்க்கிறீர்களா ஐயா?" எனக் கேட்பது எவ்வளவோ கண்ணியமான விற்பனை. பார்த்துவிட்டு வேண்டாம் எனச் சொல்லும் உரிமை அங்கு வாடிக்கையாளருக்கு இருக்கின்றது.

விலைக்குறைப்புப் போட்டியைச் சட்டத்தினால் நிறுத்த முடியுமா என்பதை இலங்கை பரீட்சித்துப் பார்த்திருக்கின்றது. 2023 ஒக்டோபர் முதல் கொழும்பு நகர ஹோட்டல்களுக்கு ஆகக்குறைந்த அறைக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றின் அறையை 100 டொலருக்குக் குறைவாக விற்க முடியாது என்ற நிலை அப்போது இருந்தது. மாநாடுகளையும் கண்காட்சிகளையும் ஒழுங்குசெய்வோர், வருவோர் அயல்நாடுகளுக்குப் போய்விடுவர் என எதிர்த்தனர். 2024இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. தரைவிலையை ஆதரித்தோரின் கவலை நியாயமானதே. ஒருவர் விலையை இறக்கினால் அடுத்தவரும் இறக்க வேண்டியிருக்கும். இறுதியில் அனைவரிடமும் முன்பிருந்த அதே எண்ணிக்கையான விருந்தினரே இருப்பர், குறைந்த பணத்துடன். ஆனால் செவ்வாய்க்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் மார்ச்சுக்கும் டிசம்பருக்கும் ஒரே தரையைப் போடும் விதி, மேலே விபரித்த கலைக்கு நேர் எதிரானது. அறை விலையில் கை வைக்க முடியாதபோது இலவச உணவு, இலவச வாகனம் எனச் சுற்றுவழியில் விலையைக் குறைக்கவும் அது இடமளிக்கின்றது. அறைக்குள் குறைத்ததைக் கறிக்குள் குறைத்தாலும் சேவைக் கட்டணத்தில் விழும் துண்டு ஒன்றுதான்.

சேவைக் கட்டணத்தைப் பங்கிடும்போது அம்மாதம் எத்தனை அறைகள், என்ன சராசரி விலைக்கு விற்கப்பட்டன என்ற கணக்கை ஊழியர்களும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். விலையைத் தீர்மானிப்பவர் குளிரூட்டிய அறையில் திரையைப் பார்த்தபடி இருக்கிறார். நாலாம் மாடியில் விரிப்பு மாற்றுபவருக்கு அத்திரையில் அன்று என்ன எண் இருந்தது என்பது தெரியாது. மாத இறுதியில் தனது கையில் வந்து சேரும் தொகையை வைத்துத்தான் அதனை அவர் ஊகித்துக் கொள்கிறார்.