60 லட்சம் வீடு இருக்கு, தங்கச்சிக்குக் கொடுக்க 30 ஆயிரம் இல்ல!



"மாசம் 14,000 வாடகையா போகுது. அதையே இஎம்ஐயா கட்டினா வீடு நம்மளுது ஆயிடுமே?" அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வேலைக்குப் போற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. நானும் அப்படித்தான் 31 வயசுல திருமுல்லைவாயல்ல ஒரு டபுள் பெட்ரூம் பிளாட் வாங்கினேன். கிரகப்பிரவேசம் முடிஞ்சு எட்டாவது மாசம் தங்கச்சி போன் பண்ணா. "அண்ணா, பையனுக்கு பீஸ் 30,000 குறையுது. உன்னால முடியுமா?"

என் அக்கவுன்ட்ல அன்னைக்கு இருந்தது 3,400 ரூபாய். 60 லட்ச ரூபாய் வீட்டு ஹால்ல உட்கார்ந்துகிட்டு "இல்லம்மா" என்று சொன்னேன். அவ கடைசியில் வளையலை அடகு வச்சா. அந்த போன் காலுக்கு அப்புறம்தான் "சொத்து" என்றால் என்னன்னு யோசிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல கணக்கைப் பார்ப்போம்

40 லட்சம் ஹோம் லோன், 8.5% வட்டி, 20 வருஷம். இஎம்ஐ சுமார் 34,713 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது சுமார் 83.3 லட்சம். அதில் வட்டி மட்டுமே 43.3 லட்சம்.

முதல் மாச இஎம்ஐல 28,333 ரூபாய் வட்டிக்கே போயிடும். அசலில் கழிவது வெறும் 6,380 ரூபாய். வாடகை "வீணா போகுது"ன்னு சொல்ற நாம, அதைப் போல ரெண்டு மடங்கை வட்டியா கொடுக்கிறோம். இதை மட்டும் யாரும் வீண்னு சொல்றதில்ல.

கையில் வரும் சம்பளம் 60,000 என்றால், இஎம்ஐ போக மிச்சம் சுமார் 25,000. மெயின்டனன்ஸ், மளிகை, பெட்ரோல், அம்மா அப்பாவுக்கு மருந்து... அவ்வளவுதான். அவசரத்துக்கு வீட்டில் ஒரு செங்கல்லை மட்டும் பிரிச்சு விற்க முடியாது. பேப்பர்ல நாம பணக்காரங்க. கையில் ஒண்ணும் இல்லாதவங்க.

சம்பளத்தையே கொடுத்த ஒருத்தர்

இதுக்கு நேர் எதிரா வாழ்ந்த ஒரு சம்பளக்காரர் நம்ம ஊர்லயே இருக்கார். பாலம் கல்யாணசுந்தரம். தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் 35 வருஷம் நூலகரா வேலை பார்த்தவர். தன் சம்பளத்தை ஏழைக் குழந்தைகளுக்காகக் கொடுத்துட்டு, தன் செலவுக்கு ஹோட்டல் வேலை மாதிரி சின்னச் சின்ன வேலைகள் பார்த்தார். ஓய்வு பெற்றப்போ வந்த பணத்தையும் கொடுத்தார். 2023ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அவர் மாதிரி வாழுங்கன்னு சொல்லல. அவர் கல்யாணம் பண்ணிக்கல, நமக்குக் குடும்பம் இருக்கு. ஆனா கொடுக்கிறதுக்கு முதல்ல சொத்து சேர்க்கணும் என்ற நம்ம நம்பிக்கை தப்புன்னு அவர் வாழ்க்கை காட்டுது. "செட்டில் ஆனதும் உதவி பண்ணலாம்" என்று சொல்றவங்களுக்கு அந்த நாள் 20 வருஷம் தள்ளித்தான் வரும்.

அப்போ சொத்தே வேண்டாமா?

அப்படியும் இல்ல. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைப் பாருங்க. வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்தில் நடந்தவர். 1968 கீழ்வெண்மணி படுகொலைக்குப் பிறகு கீழத்தஞ்சைக்குப் போய், நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கப் பாடுபட்டார். 1981ல் தன் கணவரோடு சேர்ந்து லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார். நிலத்துக்காரர்களிடம் நியாயமான விலை பேசி, கடன் ஏற்பாடு செய்து, ஏக்கர் கணக்கில் பெண்கள் பேரில் நிலம் பதிவானது.

ஒண்ணும் இல்லாத குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்பது சோறு, மரியாதை. நீங்க குடியிருக்க வாங்கும் முதல் வீடும் தப்பில்ல. ஆனா "மெட்ரோ வந்தா விலை ஏறும்"னு வாங்கிப் பூட்டி வைக்கிற ரெண்டாவது பிளாட்? அதைப் பத்தித்தான் யோசிக்கச் சொல்றேன்.

நீங்க என்ன செய்யலாம்?

1. வீடு வாங்கும் முன், "இந்த இஎம்ஐ கட்டின பிறகும் சம்பளத்தில் 5% கொடுக்க முடியுமா?" என்று கேளுங்க. முடியாதுன்னா சின்ன வீடு பாருங்க, இல்லன்னா கொஞ்ச வருஷம் தள்ளிப் போடுங்க.

2. சம்பளம் வந்த அன்னைக்கே அந்த 5% தனி அக்கவுன்ட்டுக்குப் போகட்டும். 60,000க்கு மாசம் 3,000, வருஷம் 36,000. எமர்ஜென்சி பண்ட் வேற, இது வேற. ரெண்டையும் கலக்காதீங்க.

3. கடன் வாங்கி உதவி பண்ணாதீங்க. கொடுக்கிறதைத் திரும்பி வராதுன்னு நினைச்சே கொடுங்க. பணமும் போய் உறவும் போகாது.

4. நன்கொடைக்கான வரிச் சலுகை பழைய வரி முறையில் மட்டும்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமா கொடுத்தா அதுவும் கிடைக்காது. கூடப்பிறந்தவங்களுக்குக் கொடுக்கிற பணத்துக்கு உங்களுக்கு வரிச் சலுகை இல்ல. அதே சமயம் வாங்குறவங்களுக்கு வரியும் இல்ல.

நான் இதை ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. போன ஜூன்ல தங்கச்சி பையனோட பீஸை அவ கேக்குறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன். என் பிளாட் விலை அன்னைக்கு ஒரு ரூபாய் கூட ஏறல. ஆனா நான் பணக்காரன்னு முதல் தடவையா தோணுச்சு.

இஎம்ஐ கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படின்னு நம்ம சேனல் வீடியோவில் பாருங்க.