கருவில் உயிர் காத்த வழி

தாயின் கர்ப்பத்திலே வளரும் சிசுவுக்கு வேண்டிய பிராணவாயு, நஞ்சிலிருந்து தொப்புள்கொடி வழியே இரத்தத்திலேயே வந்து சேர்ந்துவிடுகிறபடியால், நீர் நிரம்பிக் கிடக்கும் அதன் நுரையீரலுக்கு இரத்தத்தை மிகுதியாக அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை. ஆகையால் இருதயத்தின் மேலறைகளைப் பிரிக்கும் சுவரில் ஒரு துவாரமும், நுரையீரல் தமனியை மகாதமனியோடு சேர்க்கும் ஒரு குறுக்குக் குழாயும் அமைந்திருக்கின்றன. இரத்தம் சரீரத்தைச் சுற்றி வருகிறதென்று நிரூபித்து 1628-ல் நூல் வெளியிட்ட ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் ஹார்வி, இவ்வழிகளின் காரியத்தையும் அதிலேயே ஆராய்ந்திருக்கிறார்.

குழந்தை பிறந்து வீறிட்டு அழும்போது, காற்றுப் புகுந்து நுரையீரல் விரிய, இரத்தம் தடையின்றி அதனுள் பாய்ந்து இருதயத்தின் இடப்பக்கத்துக்குத் திரும்ப, அங்கே உயரும் அழுத்தம் துவாரத்தை மறைக்கும் மெல்லிய மடிப்பைக் கதவுபோல் சாத்திவிடுகிறது. (அந்தக் கதவு முற்றிலும் ஒட்டிக்கொள்ளாதவர்கள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்; பெரும்பாலோர் அதை அறிவதே இல்லை.) குறுக்குக் குழாயோ, பிராணவாயு மிகுந்த இரத்தம் பட்டதும் இறுகத் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் அடைபட்டு, பின்னர் வெறும் நாராகிப் போகிறது.

அது அடைபடாவிட்டால், நேற்றுவரை உயிரைக் காத்த வழியே வியாதியாகிறது. மகாதமனியின் இரத்தம் நுரையீரலுக்குள் மீண்டும் பாய்ந்து, இருதயம் மிகையான வேலையால் களைக்க, குழந்தை மூச்சிரைத்து, உடல் தேறாமல் வாடுகிறது. 1938-ல் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்ற இளம் ரண வைத்தியர், 7 வயதுச் சிறுமி ஒருத்தியின் மார்பைத் திறந்து அக்குழாயைக் கட்டி மூடினார். ஆயினும் வேறு சில இருதயக் கோளாறுகளுடன் பிறக்கும் சிசுக்களுக்கு அந்த வழியே ஜீவாதாரமாகையால், சிகிச்சை ஆகும்வரை மருந்து செலுத்தி அதைத் திறந்தே வைக்கிறார்கள். ஆரோக்கியம் எது, ரோகம் எது என்று தீர்மானிக்க உறுப்பைப் பார்த்தால் மட்டும் போதாது, வயதையும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் அறியேன்.

முதுமையிலோ, வயதைக் கேட்பதே நம்மை ஏமாற்றிவிடுவதும் உண்டு. இளமையில் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து மீளும் மகாதமனி ஆண்டுகள் செல்லச் செல்ல விறைத்துப்போவதால், இருதயம் சுருங்கும்போது காணும் இரத்த அழுத்தமாகிய மேல் அழுத்தம் ஏறுகிறது. இதை இயல்பென்று கருதி, 100-உடன் வயதைக் கூட்டிக்கொள்ளலாம் என்று வைத்தியர்களே ஒரு காலத்தில் கணக்குச் சொன்னார்கள். 70 வயதுப் பாட்டிக்கு 170 இருந்தால் "வயசுக்குச் சரிதான்" என்று விட்டுவிடும் வீடுகள் இன்னும் உண்டென்பது என் மனத்தை வருத்துகிறது. 1991-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், மேல் அழுத்தம் மட்டும் ஏறியிருந்த, 60 வயது கடந்த 4,736 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சிறுநீரைப் பெருக்கும் எளிய மாத்திரையில் தொடங்கிச் சிகிச்சையும், மற்றதற்குப் போலி மாத்திரையும் கொடுத்துச் சில ஆண்டுகள் கவனித்துவந்ததில், மருந்துண்டவர்களிடையே பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது.