இறப்பை அறியும் அளவை

ஒருவர் இறந்தாரென்பதை நாம் எவ்வாறு அறிகின்றோம்? மூச்சு நின்றது, நாடி அடங்கியது, உடல் குளிர்ந்தது என்பன கண்ணாலும் கையாலும் அறியப்படுவன. ஆதலின் நெடுங்காலமாக வைத்தியரும் உற்றாரும் இதனைப் பெரும்பாலும் ஒருபடித்தாகவே அறிந்தனர்.

செயற்கைச் சுவாசப்பொறி வந்தபின் இந்நிலை மாறிற்று. மூளை முற்றாகச் செயலற்ற பின்னரும் பொறியின் துணையால் மார்பு உயர்ந்து தாழ்கின்றது, இருதயம் துடிக்கின்றது. 1967 டிசெம்பரிலே கேப் ரவுண் நகரில் மனித இருதயம் முதன்முதலாக மாற்றிப் பொருத்தப்பட்டது. 1968 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று, மீளா மயக்கத்தை இறப்பின் இலக்கணமாகக் கொள்ளலாமென விதந்துரைத்தது.

சைவசித்தாந்த நூல்கள் காட்சி, கருதல், உரை என அளவை மூன்று கூறும். கட்டிலருகே நிற்குந் தாய், "என் பிள்ளை மூச்சு விடுகின்றானே" என்பது காட்சி. ஒளிபட்டுஞ் சுருங்காத கண்மணி, பொறியை விலக்கியவிடத்துத் தானாக எழாத மூச்சு முதலிய குறிகளால் மூளை மாண்டதென வைத்தியர் துணிவது கருதல். புகை கண்டு நெருப்புண்மை உணர்தல் போல்வது. தாய்க்கோ வைத்தியரது உரையே பற்றுக்கோடு. உரைப்பவர் நம்பத்தக்கவராயின் மாத்திரமே உரை அளவையாகும்.

இதற்கு யப்பான் தக்க சான்று. 1968 இல் சப்போரோ நகரில் நிகழ்ந்த இருதயமாற்றின் பின், இருதயம் வழங்கிய இளைஞன் மெய்யாகவே இறந்திருந்தானா என்ற ஐயம் எழுந்தது. நம்பிக்கை குலைந்தது. 1999 வரை அந்நாட்டில் மற்றோர் இருதயமாற்று நிகழவில்லை. 1997 ஆம் ஆண்டுச் சட்டம், இறந்தவர் முன்னரே எழுதிவைத்த சம்மதமும் குடும்பத்தாரின் இசைவும் இருந்தாலன்றி உறுப்பெடுத்தலாகாது என்றது. 2010 முதல், இறந்தவர் மறுத்திராதவிடத்துக் குடும்பத்தாரின் எழுத்துச் சம்மதமே அமையுமென்றாயிற்று.

இங்கே நாம் உணரத்தக்கது யாது? மூளை மாண்டதா என்பது சோதனையால் துணியப்படும். மூளை மாண்டவரை மாண்டவரெனக் கொள்ளலாமா, அதற்கு எவர் சம்மதம் வேண்டும் என்பன சோதனையால் துணியப்படா, அவை அறத்தின்பாற்பட்டவை. முன்னதற்கு விடைகண்ட வைத்தியர் பின்னதற்கும் விடைகண்டதாக எண்ணுதல் தவறு. தாயின் மறுப்பை அறியாமையெனத் தள்ளுதலும் தவறு. அவள் வேறோர் அளவையில் நிற்கின்றாள். எனினும் அவள் காலந்தாழ்த்த, அவ்விருதயத்தால் உயிர்பிழைக்கக்கூடிய வேறொருவர் மாளவுங்கூடும்.

ஆகவே, வைத்தியத்துறை புகுந்த எம் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: முடிவை உரைக்குமுன் குறிகளை விளக்குக, தாய் விரும்பின் சோதனையை அவள் கண்ணெதிரே நடத்துக. கருதல் காட்சியோடு கூடியவிடத்தே உரை உறுதிபெறும்.